வயிறு சீரமைப்பு ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பின் என்ன எதிர்பார்க்கலாம்?



மூன்று, நான்கு பிள்ளைகள் பெற்ற தாய்மார்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமக்கும் ஒரு தொல்லை உண்டு. பிரசவங்களில் இரண்டு மூன்று சிசேரியனாக இருந்தால் தொல்லை இன்னும் கூடுதல். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வயிறு உள்ளே போகாது. கல்யாண வீட்டில் யாராவது "எத்தனை மாசம்மா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு வலி, தொங்கும் மடிப்புக்குக் கீழே வேர்வைப் புண், சிலருக்கு இருமினால் தொப்புள் பக்கம் பிதுங்கி வரும் குடலிறக்கம். இவர்களில் சிலருக்கு மருத்துவர்கள் வயிறு சீரமைப்பு ஆபரேஷனைச் சொல்கிறார்கள். விளம்பரங்களில் "டம்மி டக்" என்று வருவது இதுதான்.

ஆபரேஷன் அன்று என்ன நடக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் விளக்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பின் வரும் ஆறு வாரங்களைப் பற்றித்தான் பேச்சே இருப்பதில்லை. கூச்சத்தால் "சின்ன ஆபரேஷன்" என்று வீட்டில் சொல்லிவிட்டால், ஐந்தாம் நாளே அடுப்படியில் நிற்க வேண்டியதாகிவிடும். கால் வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும் காரணம் சொல்ல முடியாமல் பொறுத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். ஆகவே இக்கட்டுரையைச் சகோதரிகள் மட்டுமல்ல, கணவன்மார்களும் மாமியார்களும் சேர்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

என்ன செய்கிறார்கள்?

இது உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் அல்ல. அப்படி நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கர்ப்பக் காலத்தில் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் விலகுகின்றன. பலருக்கு அவை பிரசவத்துக்குப் பின் மெல்ல மெல்ல நெருங்கி வந்துவிடும். சிலருக்கு வருவதில்லை. விரிந்த தோலும் சுருங்குவதில்லை. இதற்கு உடற்பயிற்சி ஓரளவுதான் உதவும்.

மருத்துவர் அடிவயிற்றில், ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை குறுக்காகக் கீறுகிறார். தோலையும் கொழுப்பையும் மேலே தூக்கி, விலகிய தசைகளை நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை தைத்து நெருக்குகிறார். குடலிறக்கம் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்து, தேவைப்பட்டால் வலை வைப்பார். அது பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற செயற்கை இழைதான். பிறகு மிஞ்சிய தோலை வெட்டி எடுத்து, தொப்புளுக்குப் புதிய இடத்தில் துளை அமைத்து, தையல் போடுகிறார். முழு மயக்கம் கொடுத்து இரண்டு மணி முதல் நான்கு மணி நேரம் வரை ஆகும். சிசேரியன் தழும்பைவிட இந்தத் தழும்பு மிக நீளமானது. இதைச் "சின்ன ஆபரேஷன்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வியும் வருகிறது. நோய், வலி, பிரசவத்தால் வந்த குறை ஆகியவற்றைச் சரிசெய்வதையும், குறை ஏதும் இல்லாமல் அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவதையும் உலமாக்கள் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். உங்கள் நிலை எதில் சேரும் என்பதை, மருத்துவர் சொன்ன காரணத்தோடு, நீங்கள் நம்பும் ஆலிமிடம் நேரில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் தீர்ப்பு இதில் வேண்டாம்.

தேதி குறிப்பதற்கு முன்

இன்னும் பிள்ளை வேண்டும் என்றிருந்தால் இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே நல்லது. இதற்குப் பின் கர்ப்பம் தரிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தைத்த தசை மறுபடி விலகலாம், செலவழித்தது வீணாகலாம். பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம், பால் கொடுப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகே மருத்துவர்கள் முன்வருவார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, இரத்தம் நீர்க்கும் மாத்திரை எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை இரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் அறவே கூடாது. நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும். இழுத்துத் தைத்த தோலுக்கு இரத்தம் போகாவிட்டால் அது கறுத்து அழுகிவிடும். வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும்.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றப் பெண் நர்ஸ் வேண்டும், பெண் மருத்துவர் உடனிருக்க வேண்டும் என்று முன்பே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, பெரும்பாலும் செய்து தருவார்கள். ஒப்புதல் படிவத்தில் வயதுவந்த பெண் தன் கையால் தானே கையெழுத்துப் போடலாம். கணவர் சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார் என்பதால் அது தடைபடாது. ஆனால் அவரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். பணத்துக்காகச் சொல்லவில்லை. ஆறு வாரம் வீட்டை யார் பார்ப்பது என்பதை அவர்தான் தன் தாயிடமும் சகோதரிகளிடமும் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். உங்கள் அந்தரங்கத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குறைந்தது இரண்டு பேருக்கு உண்மை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இரவில் அதே வீட்டில் தங்குபவராக இருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள்

பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். குடலிறக்கம் பெரிதாக இருந்தால் கூடுதலாகலாம். முதல் மூன்று நான்கு நாட்கள் வலி கூடுதலாக இருக்கும். தோலில் எரிச்சல், உள்ளே யாரோ இறுக்கிக் கட்டியது போன்ற இழுப்பு. அந்த இழுப்பு தைத்த தசையினால் வருவது. வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரை தேடாமல், மருத்துவர் சொன்ன நேரப்படி போட்டுக்கொண்டால் குறைந்த மாத்திரையிலேயே நிம்மதி கிடைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். சில வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

ஆபரேஷன் அன்று மாலையோ மறுநாள் காலையோ நர்ஸ் எழுப்பி நடக்கச் சொல்வார். "இப்பத்தான் வயித்தைக் கிழிச்சிருக்கு, அதுக்குள்ளயா?" என்று உடன் இருப்பவர்கள் தடுக்கக் கூடாது. அசையாமல் படுத்திருந்தால் கெண்டைக்காலில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். இந்த ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து வருமானால் பெரும்பாலும் அந்த வழியில்தான். ஆகவே நடக்க வேண்டும். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரத்தம் கட்டாமலிருக்கச் சிலருக்குத் தினமும் ஊசி போடுவார்கள். ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. இது தெரியவந்ததும் சிலர் பயந்துபோய் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்; ஃபாண்டாபாரினக்ஸ் என்ற முழுவதும் செயற்கையாகத் தயாரிக்கும் மருந்தும் உண்டு, உங்கள் உடலுக்கு அது பொருந்துமா என்று அவர் சொல்வார். மாற்று இல்லாதபோது உயிர் காக்கும் மருந்து விஷயத்தில் உலமாக்கள் தந்துள்ள சலுகையை உங்கள் ஆலிம் விளக்குவார்.

குழாயும் பெல்ட்டும்

பெரும்பாலோருக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்றிரண்டு மெல்லிய குழாய்கள் வெளியே வந்து சிறு பிளாஸ்டிக் டப்பாவில் முடியும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஊறும் நீரை வெளியேற்றுவதற்காக வைப்பது. பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலில் சிவப்பாக வரும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். தினமும் ஒரே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் வருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் எடுத்துவிடுவார். பலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். எழுதி வைக்காமல் "கொஞ்சமாத்தான் வந்துச்சு" என்று சொன்னால் அவரால் முடிவெடுக்க முடியாது. அந்த நோட்டுக்கு வீட்டில் பள்ளிக்கூடம் படிக்கும் பெண் பிள்ளையைப் பொறுப்பாக்கலாம், சரியாகச் செய்வார்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கைந்து வாங்கி வையுங்கள். டப்பாவை பெல்ட்டில் ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டால் மேலே நைட்டி மறைத்துவிடும். தொங்கவிட்டால் இழுத்து வலிக்கும்.

வயிற்றை இறுக்கும் பெல்ட்டை ஏறக்குறைய ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர, இரவும் பகலும் போட வேண்டிவரும். நம் ஊர் வெயிலில் இது பெரும் சோதனைதான். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டால் வேர்க்குரு குறையும். மாற்றிப் போட இரண்டு பெல்ட் வேண்டும். பிரசவத்துக்குப் பின் பழைய சேலையால் வயிறு கட்டும் நம் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். ஓரிடத்தில் இறுகி, மடிப்பு விழுந்து, தையல் போட்ட தோலை அது அழுத்திவிடும்.

கூன் போட்டு நடப்பதும் தூங்குவதும்

முதல் ஒன்றிரண்டு வாரம் நிமிர்ந்து நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. இடுப்பைச் சற்று மடக்கி, கூன் விழுந்தவர் போலத்தான் நடக்க வேண்டும். இழுத்துத் தைத்த தோல் தளர்வதற்குள் நிமிர்ந்தால் தையலில் சுமை விழும், குறிப்பாக நடுப்பகுதியில். அங்கேதான் இரத்த ஓட்டம் குறைவு. புண் ஆறத் தாமதமாவதும் அங்கேதான். இரண்டாம் வாரக் கடைசியில் மெல்ல மெல்ல நிமிர்வு வந்துவிடும். இந்தக் கூனால் முதுகு வலிக்கும், அது எதிர்பார்த்ததே.

தூங்கும்போது முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. மல்லாந்து சப்பையாகப் படுக்க முடியாது, குப்புறப் படுக்கவே கூடாது. பாயில் படுப்பது இந்தக் காலத்தில் சரிவராது. தரையிலிருந்து எழுவதற்கு வயிற்றுத் தசைதான் வேலை செய்கிறது. கட்டிலிலிருந்து எழும்போதும் நேராக எழாமல், ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டும். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பேசும் மைனிமார்களைச் சில நாள் தூரத்தில் வைப்பது நல்லது!

மலச்சிக்கல் பலரை வாட்டும். வலி மாத்திரையும் அசையாமல் இருப்பதும் சேர்ந்து மூன்று நான்கு நாள் வயிறு போகாமல் செய்துவிடும். முக்குவது தையலுக்குக் கெடுதி. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே அதற்கான சிரப் எழுதிக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர், பழம், கீரை வேண்டும். குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறை ஆறு வாரத்துக்கு வேண்டாம்; கமோடு இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி வைத்துக்கொள்ளலாம்.

உணவில் பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது நம் பெரியவர்கள் அன்போடு செய்யும் காரியம். "சீழ் பிடிக்கும்" என்பார்கள். அது சரியல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் தாராளமாகக் கொடுங்கள். எண்ணெயும் காரமும் குறைவாக இருந்தால் போதும்.

அதே அன்போடு செய்யும் இன்னொன்று ஆபத்தானது. வயிறு கனத்திருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது. ஆபரேஷனுக்குப் பின் தொப்புளுக்குக் கீழே உள்ள தோல் மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும். சூடு பட்டாலும் தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும். ஒத்தடம், வெந்நீர்ப் பை, ஐஸ் எதுவும் அங்கே வைக்க வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஓதி ஊதிய எண்ணெய் ஆகியவையும் தையல் முழுதாக ஆறும்வரை புண்ணில் பட வேண்டாம். ஓதிப் பார்ப்பதற்குப் புண்ணில் தடவ வேண்டிய அவசியம் இல்லையே.

தூக்காதீர்கள்

ஆறு வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். நம் வீட்டுக் கணக்கில் பாருங்கள். ஒரு குடம் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. ஒரு வயதுப் பிள்ளை 9, 10 கிலோ. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து 30 கிலோவுக்குப் பக்கம். கிரைண்டர் கல், ஈரத் துணி வாளி, சோறு வடிக்கும் பானை, அரிசி மூட்டை எல்லாமே வரம்புக்கு மேல்தான். அதாவது, நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை செய்யும் வேலையில் பாதி இந்த ஆறு வாரம் தடைசெய்யப்பட்டது. உள்ளே தசையைச் சேர்த்துவைத்திருப்பது நூல்தான். அந்த நூல் இருக்கும் இடத்தில் உடல் தானே ஒட்டிப் பலம் பெறுவதற்கு அந்தக் காலம் தேவை.

இதற்குள் வரும் பெரிய சோதனை கைப்பிள்ளை. அழும் பிள்ளையைத் தாய் தூக்காமல் இருப்பது கல்லு மனசு வேண்டிய காரியம். தாய் உட்கார்ந்த பிறகு வேறொருவர் பிள்ளையைப் பக்கத்தில் விட வேண்டும். வயிற்றின் மேல் ஏறாதபடி மடியில் தலையணை இருக்க வேண்டும். மூத்த பிள்ளைகளுக்கு "உம்மாவுக்கு வயித்துல காயம்" என்று சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தான காரியம். ஆனால் வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார, நோயாளி எழுந்து தேநீர் போடும் காட்சியும் நடக்கிறது. ஐந்து நிமிடம் இருந்து துஆச் செய்துவிட்டு, ஒரு வேளைச் சோறும் ஆணமும் கொடுத்துவிட்டு வாருங்கள். அது பெரிய உதவி.

மேசை வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். ஸ்கூட்டி ஓட்ட, திடீரென்று பிரேக் பிடித்தாலும் வயிறு வலிக்காத நிலை வர வேண்டும்; பின்னால் உட்கார்ந்து வேகத்தடையில் குதிப்பதும் அவ்வளவு நல்லதல்ல. தாம்பத்திய உறவுக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இதைக் கணவரிடம் மனைவி சொல்லக் கூச்சப்பட்டால் மருத்துவரே அவரிடம் சொல்லும்படி கேட்கலாம்.

தொழுகை, குளிப்பு, நோன்பு

நிற்க முடிந்தால் நின்றும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது மூல நோயால் அவதிப்பட்ட நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. புகாரியில் பதிவான ஹதீஸ். மருத்துவர் ஸஜ்தா செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கும் காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். ஸஜ்தாவுக்கு ருகூஉவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குனிந்தால் போதும். ஸஜ்தாவில் குனிவதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் தசையைப் பெரிதும் இழுக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம், "தொழுகைக்காகக் கஷ்டப்பட்டால் என்ன" என்று நினைத்து எழுந்து அமர்ந்து தையலைக் கெடுத்துக்கொள்வதை மார்க்கம் கேட்கவில்லை.

உளூவில் பிரச்சினை குறைவு. முகம், கை, தலை, கால் இவற்றில் காயம் இல்லை. காலைக் கழுவக் குனிவதுதான் சிரமம், அதற்கு யாராவது உதவலாம், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து குழாய் பிடித்துக் கழுவலாம். குழாயில் வரும் இரத்தம் உளூவை முறிக்குமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு: ஹனஃபியில் உடலிலிருந்து வழிந்தோடும் இரத்தம் உளூவை முறிக்கும், ஷாஃபிஈயில் முன் பின் துவாரங்கள் வழியாக வருவதே முறிக்கும். தொடர்ந்து கசியும் நிலையில் இருப்பவருக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. இடையில் மாதவிடாய் முடிந்து குளிப்பு கடமையானால், கட்டு நனையக் கூடாத நிலையில் கட்டின் மேல் ஈரக் கையால் தடவுவது, தயம்மும் செய்வது பற்றிய சட்டங்களை ஆபரேஷனுக்கு முன்பே ஹஜ்ரத்திடமோ ஆலிமாவிடமோ கேட்டு வையுங்கள். அப்போது போய்க் கேட்க இயலாது.

சாதாரணக் குளியல் பற்றி: குழாய் எடுக்கும்வரை ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதே நல்லது. அதன் பிறகு மருத்துவர் சொன்னதும் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தொட்டியிலோ குளத்திலோ ஆற்றிலோ இறங்கக் கூடாது.

நோன்பு மாதத்தில் இந்த ஆபரேஷனை வைக்காதீர்கள். முதல் வாரங்களில் மாத்திரை நேரமும் தண்ணீரும் தவறக் கூடாது. நீர் குறைந்தால் இரத்தம் கட்டும் அபாயமும் கூடும். நோயாளிக்கு நோன்பைப் பிறகு களாச் செய்யும் சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது. உம்ராவும் அப்படியே. நான்கு முதல் ஆறு வாரம் வரை நீண்ட விமானப் பயணம் வேண்டாம். ஸயீ மட்டுமே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடை; அதோடு தவாஃபின் நெரிசலில் யாருடைய முழங்கை எங்கே படும் என்று யாருக்குத் தெரியும்?

உடனே ஓட வேண்டிய நேரம்

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் இரத்தம் வந்தால், மயக்கம் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரின் வெளிநோயாளி நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போங்கள். போனதும் முதல் வார்த்தையாக "வயித்துல ஆபரேஷன் ஆகி இத்தனை நாள் ஆச்சு" என்று சொல்லுங்கள். கூடவந்த அண்ணனோ மாமனாரோ பக்கத்தில் நிற்கிறார் என்று அதை மறைத்தால், மருத்துவர் வாயுத் தொல்லை என்று நினைத்து நேரத்தை இழக்க நேரிடும். அந்த நேரம் திரும்ப வராது.

அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, நாற்றமடிக்கும் நீர், தோல் கறுப்பது, வயிறு ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகுவது, டப்பா வேகமாகப் புது இரத்தத்தால் நிறைவது, நிற்காத வாந்தி. குழாய் எடுத்த பிறகு நடக்கும்போது வயிற்றில் தண்ணீர் தளும்புவது போல இருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது அடிக்கடி வருவது, ஊசியால் எடுத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் ஒத்திப்போடவும் வேண்டாம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

பெல்ட்டைக் கழற்றியதும் கண்ணாடி முன் நின்று அழுதுவிடுபவர்கள் உண்டு. வயிறு இன்னும் வீங்கித்தான் இருக்கும். காலையில் தட்டையாக இருந்து மாலையில் உப்பும். தழும்புக்கு மேலே ஒரு வரப்பு போல நிற்கும். வீக்கம் முழுதாக வடிய மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் "எதுக்குச் செய்துகிட்டோம்" என்று மனம் சோர்வதும் சாதாரணம். வலி, தூக்கமின்மை, பிறர் கையை எதிர்பார்த்து இருப்பது எல்லாம் சேர்ந்தது அது. வீட்டில் உள்ளவர்கள் "நீயாத்தானே கேட்டே" என்று சொல்லாமல் இருந்தால் போதும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தழும்பு முதல் சில மாதங்கள் சிவந்து தடித்து, அரிப்பெடுக்கும். மங்குவதற்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். முற்றிலும் மறையாது. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் இயல்பு கூடுதல். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ கட்டி வளர்ந்திருந்தால் அதை முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். புண் முழுதாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் தடவச் சொல்வார்கள். மரத்த தோலில் உணர்வு திரும்பும்போது எறும்பு ஊர்வது போல இருக்கும். தொப்புளுக்குக் கீழே ஒரு சிறு பகுதி சிலருக்கு மரத்தே இருந்துவிடுவதும் உண்டு.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்வது என்றால் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. குடலிறக்கம் இருந்தால் அந்தப் பகுதிக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. தனியாரில் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை காட்டி ஆலோசனை கேட்பது நல்லது. குறைந்த விலை விளம்பரத்தைப் பார்த்து, மயக்க மருத்துவரும் இரவில் தங்கும் வசதியும் இல்லாத அழகு நிலையங்களில் படுத்துவிடாதீர்கள். நகையை அடகு வைத்துச் செய்ய வேண்டிய அவசரமும் இதில் இல்லை. குடலிறக்கம் இறுகி, கல்லுப் போலக் கட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் விஷயம் வேறு: அது அன்றே பார்க்க வேண்டிய அவசரம்.

தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், கமோடு நாற்காலி, தொழுகைக்கான நாற்காலி ஆகியவை நம் அறக்கட்டளையில் இரவலாகக் கிடைக்கும். ஆபரேஷன் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பெண்கள் பிரிவில் சொல்லிவையுங்கள். என்ன ஆபரேஷன் என்று கேட்க மாட்டார்கள்.